அலுமாரி படித்த அரிவரி

அரிவரி வகுப்பை முதன்முதலாகப் பொறுப்பெடுக்கப் போகும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு கிழமைக்கு எத்தனை எழுத்து, எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து என்பதையெல்லாம் பயிற்சிக் கலாசாலையில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் பாதி எனக்கு மறந்தே போய்விட்டது. மறக்காமல் இருப்பவை நான் விட்ட பிழைகள்தான். நான் ஓய்வுபெற்றபோது பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டு என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தபோதும் அவற்றில் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. என் கணவரைத் தவிர இதுவரை அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கொழும்பில், துறைமுகத்துக்குக் கிட்ட, கொட்டாஞ்சேனையில்தான் நான் வேலை தொடங்கினேன். அங்கே பிள்ளைகள் அ, ஆ, இ, ஈ என்று கூரை பறக்கப் பாடுவார்கள். பாட்டை நிறுத்தி, ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் வராது. சிலர் மனதுக்குள் அ-விலிருந்து ஓடிவந்து அந்த எழுத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் கரும்பலகையில் 'ஊ' எழுதிக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழும்பி, "டீச்சர், கப்பலும் அதைத்தான் சொல்லுது!" என்றாள். வகுப்பே சிரித்தது. பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் 'ஊ'வை மறக்கவில்லை.

அதிலிருந்து நான் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்கு ஒரு கொப்பி, பக்கத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தின் ஒலி உன் வீட்டில் எங்கே கேட்கிறதென்று காது கொடுத்துக் கேள், கேட்ட இடத்தைப் படமாகக் கீறிக்கொண்டு வா. குக்கர் 'ஸ்' என்று சொல்லும். தண்ணீர்க் குழாய் 'ட்' என்று சொட்டும். ரயில் போனால் யன்னல் 'ர்' என்று அதிரும். ஒலிக் கொப்பி என்று அதற்குப் பெயரும் வைத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டப் பாராட்ட எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது. இந்த வித்தையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று என் கணவரிடம் அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அதே கொழும்பில் வெள்ளவத்தைப் பாடசாலைக்கு நான் மாறிவந்தபோது யுத்தம் உச்சத்தில் இருந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் பாடசாலை. என் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பெரும்பாலானவர்கள் வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளிலும், வீடுகளோடு ஒட்டிய வாடகை அனெக்ஸ்களிலும் தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

முதல்நாளே எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்தது. "எல்லாரும் சொல்லுங்கோ, அ!" என்றேன். இருபத்தாறு வாய்களும் திறந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. ரேடியோவை யாரோ குறைத்து வைத்தது போல, காற்றோடு கலந்து ஏதோ மெல்லியதாகக் கேட்டது. நல்ல அடக்கமான பிள்ளைகள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இரண்டு கிழமையில் விளங்கிவிட்டது. பஸ்ஸில் தமிழ் கதைக்காதே, படிக்கட்டில் கதைக்காதே, கதவு தட்டினால் மூச்சுக் காட்டாதே என்று இவர்களுக்கு வீட்டில் பாடம் நடந்திருக்கிறது. எழுத்துக்கு முன்னால் மௌனத்தைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

அந்தக் காலத்து நடைமுறையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பதிவில் இல்லாத ஓர் இளைஞன், அதுவும் வடக்கிலிருந்து வந்தவன், ஒரு வீட்டில் அகப்பட்டால் அவனும் போவான், வைத்திருந்தவர்களும் போவார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால், பக்கத்துப் பிள்ளை, "அவை வீடு மாறீட்டினம் டீச்சர்" என்று சொல்லும். எங்கே என்று கேட்கும் வழக்கமில்லை. வரவுப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போடுவேன். பெயரைப் பார்க்காமலே கோடு போட அந்த வருஷம் பழகிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என் ஒலிக் கொப்பிதான் மருந்து என்று நினைத்தேன். வீட்டுச் சத்தங்களைப் பிடித்து வாய்க்குள் போட்டால் இவர்களுக்குக் குரல் திரும்பிவிடும் என்பது என் கணக்கு. உண்மையில் திரும்பியும் வந்தது. ஒரு மாதத்தில் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆரணி மூன்றாவது வாங்கில் இருந்தவள். ஐந்தரை வயது. ஓர் அனெக்ஸில் தாயும் அவளும் மட்டும்தான், தகப்பன் கனடாவில். படம் கீறுவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. 'ம்' பக்கத்துக்கு அவள் ஓர் அலுமாரியைக் கீறிக்கொண்டு வந்தாள். மண்ணிறம், இரண்டு கதவு, கதவுகளுக்கு நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி.

"அலுமாரி என்னெண்டு பிள்ளை 'ம்' சொல்லும்?"

"நான் கதை சொன்னா அது 'ம், ம்' எண்டு கேட்கும் டீச்சர்."

"உள்ளுக்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை." அதை ஒரே மூச்சில், மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு தன் சொந்தக் குரலில், "அலுமாரிதான்" என்றாள்.

தனிப்பிள்ளைகளுக்கு இப்படிக் கற்பனைத் தோழர்கள் இருப்பது வழக்கம். நான் சிரித்துவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை 'ஞ' தொடங்க இருந்தேன். கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னரே ஆரணி அதன் ஒலியைச் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். நான் இன்னும் படிப்பிக்காத எழுத்து.

"ஆர் சொல்லித் தந்தது? அம்மாவோ?"

"அலுமாரி டீச்சர். கதவுக்குக் கீழால எழுதி அனுப்பினது."

பென்சில் பெட்டிக்குள் இருந்து மடித்த துண்டுக் கடதாசி ஒன்றை எடுத்துத் தந்தாள். அதில் ஒரு 'ஞ'. முத்து முத்தான எழுத்து. எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று சின்ன அம்புக்குறிகூடப் போட்டிருந்தது. தாய்தான் எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் முன்னேற்ற அட்டையில் தாய் எழுதி அனுப்பிய இரண்டு வரியைப் பார்த்தேன். அவளுடையது கோழி கிளறிய எழுத்து. துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது.

அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பேய் பிசாசு என்று பயப்பட முடிந்த எனக்கு, மனுஷர் என்று நினைக்க முடியவில்லை.

கதை வகுப்பில் பரவிவிட்டது. ஓர் இடைவேளையில் நான் திரும்பி வந்தபோது வகுப்பறை நிசப்தமாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் பின்சுவரில் இருந்த எங்கள் வகுப்பு அலுமாரியைச் சுற்றி நின்றார்கள். ஏழெட்டுப் பேர் கதவில் காதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மூச்சுவிடுவதாகத் தெரியவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து காட்டினேன். சோக்குப் பெட்டிகள், ஒரு கிழிந்த தேசப்படம், வேறொன்றும் இல்லை.

"இப்ப கதைக்காது டீச்சர்," என்றான் ஒருவன். "நீங்க நிக்கிறீங்கள்."

அன்று பாடசாலை விட்ட பிறகு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வெறும் வகுப்பறையில் நானும் அந்த அலுமாரியில் காதை வைத்துக் கேட்டேன். தூரத்தில் கடல். வேறு சத்தம் இல்லை. ஆனாலும் உள்ளே யாரோ என்னைப் போலவே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் வந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தேன்.

பாடசாலைத் தவணை முடிவில் கண்காட்சி. ஒலிக் கொப்பிகளை நூலில் கோத்து விறாந்தை நீளத்துக்குத் தொங்கவிடுவது என்று தீர்மானித்தேன். இரண்டாம் வகுப்பு ஆசிரியை, வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண், நான் ஏணியில் நிற்கும்போது கீழிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இதத் தொங்கவுடாதீங்க. புள்ளைகள்ட ஊட்டுச் சத்தம் ஊட்டோட ஈக்கட்டும்."

"ஏன்? வடிவா இருக்குத்தானே?"

"வடிவுதான். ஊட்டுக்குள்ள நடக்கிறதெல்லாம் ஈக்கி இதுல."

வீட்டுச் சத்தம் வீட்டோடு இருக்க வேண்டுமாம்; பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவள்.

கண்காட்சிக்குப் பாடசாலை அதிபர், நல்லுறவுக்காக, ஒரு பொலிஸ் அதிகாரியைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார். உயரமான மனிதர், சிரித்த முகம், சிங்களம் மட்டும்தான் தெரியும். கொப்பிகளைக் காட்டி விளக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதிலும் எனக்குப் பெருமைதான். அந்தந்தப் பிள்ளை தன் கொப்பிக்குப் பக்கத்தில் நின்றது.

அவர் ஆரணியின் கொப்பியில் நின்றுவிட்டார். படங்கள் அவ்வளவு அழகு. முதல் பக்கம் குக்கர். நான் மொழிபெயர்த்தேன், அவர் சிரித்தார். அடுத்தது ரயில். அதற்கும் சிரித்தார். அடுத்த பக்கத்தைத் தானே புரட்டினார்.

"மே மொனவத, மிஸ்?" இது என்ன என்று கேட்டார்.

அலுமாரி. பத்துத் தடவையாவது நான் பார்த்த படம். நட்சத்திரம் போட்ட படம். அவருடைய தொப்பியின் நிழல் அதன் மேல் விழுந்தபோதுதான் அதில் இருந்த மற்றவை என் கண்ணில் பட்டன. அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டில் சோறு. பக்கத்தில் ஒரு சோடிச் செருப்பு, தட்டைவிட நீளம், ஓர் ஆணுடையது. கதவு இடைவெளியின் கறுப்புக்குள், கூர்ந்து பார்த்தால், இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

பேய் சோறு தின்னாது. செருப்பும் போடாது. அந்த வீட்டில் பதிவில் இல்லாத ஒரு மனிதன் இருக்கிறான் என்பதும், அதை நான் விறாந்தையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்பதும் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின.

"குளிர்சாதனப் பெட்டி சேர்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஆரணிக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். "இல்லை டீச்சர், அலுமாரி!" என்றாள் சத்தமாக. எத்தனை மாதமாக நான் வரவழைக்கப் பாடுபட்ட சத்தம் அது.

அலுமாரி என்பது அவருக்கும் தெரிந்த சொல். புருவத்தை உயர்த்தினார். "அல்மாரிய கதா கரணவத?" என்று கேட்டார். அலுமாரி பேசுமா?

ஆரணி தலையாட்டத் தொடங்கினாள். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். 'க்' பக்கம். அதிலும் அலுமாரிதான். அலுமாரிக்கு இருமல்.

கொப்பியை அவர் விரலோடு சேர்த்து மூடினேன். "இந்தப் பிள்ளை பொய் சொல்கிறது சேர், எப்போதும் பொய்தான்" என்று சிங்களத்தில் சொன்னேன். அதோடு விட்டேனா? ஆரணியின் பக்கம் திரும்பி, விறாந்தை முழுக்கக் கேட்கும்படி, "வாயை மூடு! அலுமாரி கதைக்கிறேல்லை. நீ ஒண்டும் கேட்கேல்லை. பொய்க்காரி!" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தபடியே வாயை மூடினாள். உதடு இரண்டும் வெள்ளையாகும் அளவுக்கு இறுக்கி மூடினாள்.

அதிகாரிக்கு என்மேல்தான் கோபம். குழந்தையை ஏன் ஏசுகிறீர்கள் மிஸ், என் மகளும் பொம்மையோடு கதைக்கிறவள்தான் என்று சொல்லி, ஆரணியின் தலையைத் தடவிவிட்டு அடுத்த கொப்பிக்கு நகர்ந்தார். அவர் நம்பினாரா, நம்பியதாகக் காட்டினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய அன்பு என்னை இன்னும் பயப்படுத்தியது.

எல்லோரும் போன பிறகு எல்லாக் கொப்பிகளையும் அவிழ்த்து மேசையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். இந்த முறை பொலிஸ்காரரின் கண்ணால் வாசித்தேன். ஒரு கொப்பியில் பூட்டியிருக்கும் பின்னறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒன்றில் மேல்மாடியில் நடக்கும் சத்தம், பக்கத்தில் பிள்ளை சொல்ல நானே எழுதிய குறிப்பு, "மேல வீட்டில ஒருத்தரும் இல்லை." இன்னொன்றில் கட்டிலுக்குக் கீழே குறட்டை. வெள்ளவத்தையின் வீடுகளுக்குள் பதிவில் இல்லாத மனிதர்கள் எத்தனை பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று என் பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் குறித்து வைத்திருந்தார்கள். நான் நட்சத்திரம் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மை கரைந்து கூழாகும்வரை பிசைந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் கற்கும் பிள்ளையின் காது ஒன்றையும் விலக்காது, ஒளிக்காது. கேட்டதை அப்படியே கொண்டுவந்து உங்கள் கையில் தரும். அதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் பொறுப்பு உங்களுடையது. காலம் கெட்டிருக்கும்போது பாடத்தைப் பார்க்க முன்னர் பாடம் யாருடைய கையில் போய்ச் சேரும் என்று பாருங்கள். நான் பாராட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணிக்கு அன்றோடு எழுத்துகள் போய்விட்டன. "இது என்ன சொல்லுது பிள்ளை?" என்று எந்த எழுத்தைக் காட்டிக் கேட்டாலும் மரியாதையாக எழுந்து நின்று, "ஒண்டும் சொல்லேல்லை டீச்சர்" என்பாள். அடம் இல்லை. 'அ'வையே உற்றுப் பார்ப்பாள், உண்மையாகவே அவளுக்கு அது ஊமையாகிவிட்டது. ஒரு மனிதனைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை அவள் தன் காதுக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். தன் காதை நம்பாத பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லித்தர எந்த வித்தையாலும் முடியாது. ஐந்து கிழமை போனது. இப்படியே விட்டால் இவள் வாழ்நாள் முழுக்க வாசிக்கப் போவதில்லை என்று எனக்குப் பயம் பிடித்தது.

தாயைக் கூப்பிட்டேன். மெலிந்த பெண். கண்காட்சியில் நடந்ததைச் சொன்னேன். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான் டீச்சர்."

"ஓம். ரெண்டு பேர்தான். எனக்குத் தெரியும்."

"பதிவிலயும் ரெண்டு பேர்தான்."

"ஓம் அம்மா. நான் சனிக்கிழமையில வந்து பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கலாமோ?"

அவள் சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பின் போனேன். ஒற்றை அறை, சமைக்க ஒரு சின்னக் குசினி. அறையின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு அந்த அலுமாரி நின்றது. ஆரணி கீறியது போலவே மண்ணிறம், இரண்டு கதவு. அதன் பின்னால் ஒரு களஞ்சிய அறையின் வாசல் மறைந்திருக்கிறது என்பது சுவரின் நீளத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கு டீச்சர்தான் பொய் சொன்னது. நீ கேட்டது கேட்டதுதான் பிள்ளை." ஆரணி தாயைப் பார்த்தாள். தாய், "படி" என்று மட்டும் சொன்னாள். கொப்பியில் 'குருவி' என்று எழுதி அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தேன். உதடு குவிந்தது, சத்தம் இல்லை. விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினேன். கு, ரு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் வளையும் அந்த வரிசை எல்லாப் பிள்ளைகளுக்கும் கஷ்டம்தான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். மின்விசிறி சுழன்றது. கீழே ஒழுங்கையில் ஐஸ்கிரீம் வண்டி போனது.

அலுமாரிக்குள் இருந்து, "ரு" என்று கேட்டது.

மெல்லிய குரல். கன நாளாகப் பாவிக்காத, கரகரத்த ஆண் குரல். உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்திருந்தும் நான் அதை எதிர்பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற தாயின் கை கழுத்துக்குப் போனது. அந்தக் கணத்தில் நான் தலையை நிமிர்த்தினால், கேட்டவள் ஆகிவிடுவேன். கேட்டவள் ஒருத்தி வெளியே நடமாடினால் இந்த வீட்டுக்கு ஆபத்து. கேட்கவில்லை என்று சொன்னால், பிள்ளையின் காதை இரண்டாம் தரம் கொல்வேன்.

கண்ணைக் கொப்பியிலிருந்து எடுக்காமல், "கெட்டிக்காரி," என்றேன். "சரியாச் சொன்னது. இனி அடுத்த எழுத்து?"

"வி," என்றாள் ஆரணி. வாய்விட்டுச் சொன்னாள்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். கொஞ்சம் உரத்த குரலில் படிப்பித்தேன். ஆரணி தடுமாறும் இடத்தில் அலுமாரி மெல்ல எடுத்துக் கொடுக்கும், அவள் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை மறந்தவள் போல அலுமாரிக் காலடியில் விட்டு வந்தேன். அடுத்த கிழமை அது மேசையில் இருந்தது. எந்தெந்தச் சொல் ஆரணிக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்திருந்தது. பத்துக்கு ஒன்பது சரி. முகம் தெரியாத அந்த மனிதன் என்னைவிட நல்ல வாத்தியார். நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல் ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தினோம். என் தொழில் வாழ்க்கையில் அதைப் போலச் சந்தோஷமான பின்னேரங்கள் எனக்கு வேறு இல்லை.

ஒரு சனிக்கிழமை தாய் கதவைத் திறந்தபோது தலை வாரியிருக்கவில்லை. என்னைக் குசினிக்குள் இழுத்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"என்ர தம்பி டீச்சர். செவ்வாய்க்கிழமை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கவெண்டு இறங்கினவன். ஸ்டூடியோ பத்து நிமிச வழி. இன்னும் வரேல்லை."

"பொலிஸில..."

"என்னெண்டு போறது? பதிவில இல்லாத ஆள்."

"பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?"

"வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிச் சொல்லித்தானே வளத்தனான். இல்லாத ஆள் காணாமப் போச்செண்டு இப்ப என்னெண்டு சொல்லுறது?"

என் கண்காட்சியும் அந்தச் செவ்வாய்க்கிழமையும் சம்பந்தப்பட்டவையா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இடையில் மூன்று மாதத்துக்கு மேல் போயிருந்தது, சம்பந்தம் இருக்காது என்று என் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். ஆரணி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். நான்கு வரி தானாகவே வாசித்தாள். ஐந்தாவது வரியில் 'நூல்' என்று வந்தது. முதல் எழுத்தில் நின்றுவிட்டாள். வழக்கம் போல அலுமாரிப் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"அலுமாரிக்கு இது தெரியாது போல கிடக்கு டீச்சர்," என்றாள்.

"நூ" என்று சொல்லிக் கொடுத்தேன். "நூ," என்று அவளும் சொன்னாள். சரியாகச் சொன்னாள். பிறகு கதிரையிலிருந்து இறங்கிப் போய், இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வாயை வைத்து, வகுப்பில் நான் சொல்வது போலவே ஆறுதலாக, நீட்டி, "நூ" என்றாள். காதை வைத்துக் கேட்டாள். பதில் வரவில்லை. "பயப்படாமச் சொல்லுங்கோ" என்று சொல்லி, திரும்பவும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். குசினியில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கதவிலிருந்து காதை எடுக்கும்வரை நான் அடுத்த எழுத்துக்குப் போகவில்லை.